காரைத் தாழ்த்தணுமா? வீலும் டயரும் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ரீல்ஸில் ஒரு ஹேட்ச்பேக் வருகிறது. உங்களிடம் இருக்கும் அதே மாடல், அதே நிறம். ஆனால் அது தரையோடு ஒட்டி, கெத்தா நிற்கிறது. உங்கள் கார் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கொஞ்சம் கால் தூக்கி நிற்பது போலத் தெரிகிறது. உடனே கூகுளில் தேடுகிறீர்கள்: லோயரிங் ஸ்பிரிங், 17 இன்ச் அலாய், என்ன விலை?

கொஞ்சம் பொறுங்க. கடைக்குப் போவதற்கு முன் போட வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். அதைப் போடாமல் வாங்கினால் பணம் மட்டும் போகாது. மட்கார்டில் உரசும் டயர், மேட்டில் இடிக்கும் அடிப்பாகம், விபத்து நேரத்தில் கேள்வி கேட்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் கூடவே வரும்.

அந்த 'லுக்' எங்கிருந்து வருகிறது?

கம்பெனியிலிருந்து வரும் கார் ஏன் சப்பென்று தெரிகிறது? பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூன்று காரணங்கள் தெரியும்.

ஒன்று, டயரின் மேல் விளிம்புக்கும் ஃபெண்டர் வளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கை விட்டால் உள்ளே போகும்.

இரண்டு, வீல் உள்ளே தள்ளி இருக்கும். ஃபெண்டரின் வெளிப்புறத்தோடு ஒரே கோட்டில் நிற்காது.

மூன்று, டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் ரிம் சின்னதாகத் தெரியும்.

இந்த மூன்றில் காரைத் தாழ்த்தினால் மட்டுமே சரியாவது முதலாவது மட்டும்தான். இரண்டாவதையும் மூன்றாவதையும் தரை இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் கூட இழக்காமல் சரி செய்யலாம். பலர் ஸ்பிரிங்கில் ஆரம்பித்து வீலில் முடிக்கிறார்கள். நம்ம ஊர் சாலைகளுக்கு வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் நல்லது: முதலில் வீலும் டயரும், கடைசியில் ஸ்பிரிங்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

மாருதி ஸ்விஃப்ட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் மேல் வேரியன்ட்டுகளில் வரும் டயர் அளவு 185/65 ஆர்15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இப்போ மொத்த விட்டத்தைக் கண்டுபிடிப்போம். ரிம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவர் 185-ல் 65 சதவீதம், சுமார் 120 மி.மீ. அது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முறை வரும். கூட்டினால் 621.5 மி.மீ. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

அதே ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டில் 165/80 ஆர்14 வருகிறது. அதையும், கடைக்காரர் காட்டக்கூடிய இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்ப்போம்:

165/80 ஆர்14: மொத்த விட்டம் 619.6 மி.மீ., பக்கச்சுவர் 132 மி.மீ.
185/65 ஆர்15: மொத்த விட்டம் 621.5 மி.மீ., பக்கச்சுவர் 120 மி.மீ.
195/55 ஆர்16: மொத்த விட்டம் 620.9 மி.மீ., பக்கச்சுவர் 107 மி.மீ.
205/45 ஆர்17: மொத்த விட்டம் 616.3 மி.மீ., பக்கச்சுவர் 92 மி.மீ.

கவனிச்சீங்களா? ரிம் 14-லிருந்து 17 இன்ச் வரை போயிருக்கிறது. ஆனால் மொத்த விட்டம் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறவில்லை. ரிம் வளரும் அளவுக்குப் பக்கச்சுவர் குறைகிறது. வேரியன்ட்டுக்கு வேரியன்ட் கம்பெனி செய்வதும் இதையேதான். கண்ணுக்கு வீல் பெரிதாகத் தெரியும், காருக்கு எதுவும் மாறினதாகத் தெரியாது.

விட்டம் மாறினால் என்ன ஆகும்?

சிலர் ஒரு குறுக்கு வழி யோசிப்பார்கள்: 'ஸ்பிரிங்கே வேண்டாம், சின்ன டயர் போட்டால் கார் தானே இறங்கிடும்!' இறங்கும், உண்மைதான். 185/55 ஆர்15 போட்டால் மொத்த விட்டம் 584.5 மி.மீ. ஆகிவிடும். 37 மி.மீ. குறைகிறது. அதில் பாதி, அதாவது 18.5 மி.மீ. கார் தாழும்.

ஆனால் டயரும் சிறுத்துவிட்டதே! டயரின் மேல் விளிம்பு ஃபெண்டரிலிருந்து இன்னொரு 18.5 மி.மீ. விலகிப் போகும். நீங்கள் மறைக்க நினைத்த இடைவெளி இன்னும் பெரிதாகும். தரை இடைவெளியையும் இழந்தீர்கள், லுக்கும் வரவில்லை.

இன்னொன்றும் நடக்கும். ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறது. டயர் 6 சதவீதம் சிறுத்தால், உண்மையான வேகமும் மீட்டர் சொல்வதை விட 6 சதவீதம் குறையும். ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும்.

எதிர்ப்பக்கம் போனால் இதைவிட ஆபத்து. 205/55 ஆர்17 போட்டால் விட்டம் 657 மி.மீ. தாண்டும், கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். உங்கள் உண்மையான வேகம் மீட்டர் காட்டுவதை விடக் கூடும். தாழ்த்திய காரில் இந்த டயர் ஃபெண்டரையும் உள் லைனரையும் உரசாமல் சுற்றுவது கஷ்டம்.

பொதுவாக 3 சதவீதம் வரை வித்தியாசம் பரவாயில்லை என்பார்கள். தாழ்த்தப் போகும் காருக்கு ஒரு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வீலை வெளியே கொண்டுவருவது எப்படி?

இங்கே வரும் எண்ணின் பெயர் ஆஃப்செட். வீலில் ஈடி 45, ஈடி 38 என்று பொறித்திருக்கும். வீலின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பழைய வீல் 6 இன்ச் அகலம், ஈடி 45. புதிய வீல் 7 இன்ச் அகலம், ஈடி 38. அகலத்தில் பாதியிலிருந்து ஈடியைக் கழித்தால் வீலின் வெளி விளிம்பு எங்கே நிற்கும் என்று தெரியும்.

பழையது: 76.2-லிருந்து 45 போனால் 31.2 மி.மீ.
புதியது: 88.9-லிருந்து 38 போனால் 50.9 மி.மீ.

ஆக, வீல் வெளிப்பக்கம் ஏறத்தாழ 20 மி.மீ. வருகிறது. உள்பக்கத்துக்குக் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும்: 121.2-லிருந்து 126.9. அதாவது சஸ்பென்ஷன் பக்கமும் 6 மி.மீ. நெருங்குகிறது. உங்கள் வீலுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே அந்த 6 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

இந்த 20 மி.மீ. பார்ப்பதற்குச் சின்ன எண். காருக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும் வித்தியாசம் பெரிது. ஃபெண்டரோடு ஒரே கோட்டில் வந்து நிற்கும் வீல்தான் நீங்கள் ரீல்ஸில் பார்த்த கெத்துக்குப் பாதிக் காரணம். அதே சமயம், டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது. மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும், மேடு பள்ளத்தில் ஃபெண்டர் விளிம்பு டயரைக் கிழிக்கும், போக்குவரத்து போலீஸின் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும்.

அகலமான ரிம்மில் குறுகலான டயரை இழுத்து மாட்டும் 'ஸ்ட்ரெட்ச்' ஸ்டைலும் இருக்கிறது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் எவ்வளவு அகல ரிம் பொருந்தும் என்று டயர் கம்பெனியே சொல்கிறது. 205/45 ஆர்17-க்கு அது 6.5 முதல் 7.5 இன்ச். இதற்கு வெளியே போனால் டயரின் ஓரம் ரிம்மைப் பிடித்து நிற்கும் பலம் குறையும். பள்ளத்தில் இறங்கும்போது அடி நேரே ரிம்முக்குப் போகும். ஷோவில் நிறுத்தி வைக்கும் காருக்குச் சரி. தினம் ஆபீஸ் போகும் காருக்கு வேண்டாம்.

மாட்டினால் மட்டும் போதுமா?

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் சேர்ந்ததுதான் பிசிடி. ஸ்விஃப்ட்டில் அது 4×100. ஃபோக்ஸ்வேகன் போலோவில் 5×100. இது பொருந்தாவிட்டால் வீல் ஏறவே ஏறாது. அதனால் இங்கே தவறு நடப்பது குறைவு. தவறு நடப்பது அடுத்த இரண்டில்.

முதலாவது, நடுத்துளை. போலோவின் ஹப் 57.1 மி.மீ. கடையில் கிடைக்கும் பல அலாய்கள் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று பெரிய துளையோடு வரும். நடுவே மிச்சமாகும் இடத்தை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் வீல் சரியாக நடுவில் உட்காராமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது.

இரண்டாவது, போல்ட்டின் உட்காரும் முகம். போலோவின் ஒரிஜினல் போல்ட் உருண்டை முகம் கொண்டது. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு முகம். பழைய போல்ட்டையே புது வீலில் முடுக்கினால் பிடிமானம் முழுசாகக் கிடைக்காது, ஓட ஓடத் தளரும். வீலோடு சேர்த்து அதற்கேற்ற போல்ட்டோ நட்டோ வாங்குங்கள்.

வீலின் தரத்துக்கு, அது தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் முத்திரை பல நல்ல அலாய்களில் இருக்கும். கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த முத்திரைகள் இல்லாத மலிவு ரெப்ளிகா, தாழ்த்திய காரில் முதல் பெரிய பள்ளத்திலேயே விரிசல் விடலாம்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 88 ஹெச் போல இன்னொரு குறியும் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை ஏற்றது. 205/45 ஆர்17 டயர் இரண்டு விதமாக வரும்: சாதாரணம் 84, அதாவது 500 கிலோ. 'எக்ஸ்எல்' என்று எழுதியது 88, அதாவது 560 கிலோ. விலை குறைவு என்று முதலாவதை எடுக்காதீர்கள். உங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்த எண்ணை விடக் குறையவே கூடாது. எக்ஸ்எல் டயர் அந்த எடையைத் தாங்க அதிகக் காற்று வேண்டும் என்பதையும் மறக்காதீங்க.

இனி தாழ்த்தலாமா? எவ்வளவு?

இப்போதுதான் ஸ்பிரிங்குக்கு வருகிறோம். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் 133. நாலு பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும். 100 மி.மீ. பக்கம் வந்துவிடும்.

வேகத்தடை எவ்வளவு உயரம்? இந்திய சாலைகள் காங்கிரஸின் 1988 வழிகாட்டிப்படி 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. நீளமான, மெதுவாக ஏறி இறங்கும் மேடு. ஸ்விஃப்ட்டின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.45 மீட்டர். இரண்டு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும்போது, நடுவில் மேடு எழும்புவது அதிகபட்சம் சுமார் 44 மி.மீ.தான். தாழ்த்திய காரும் தாராளமாகக் கடக்கும்.

பிரச்சினை விதிப்படி கட்டிய வேகத்தடையில் இல்லை. காலனிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட, ஒரு முழம் அகலத்தில் 10 செ.மீ. எழும்பி நிற்கும் மேட்டில்தான் இருக்கிறது. அங்கே சக்கரம் ஏறி இறங்கிய பிறகு முழு 100 மி.மீ.யும் காரின் வயிற்றுக்குக் கீழே வரும். நாலு பேர் இருந்தால் உரசல் நிச்சயம். மும்பை, பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சாய்தளங்களிலும், மழைத் தண்ணீர் மூடிய பள்ளங்களிலும் இதே கதைதான்.

அதனால் ஒரு யோசனை. முதலில் வீலையும் டயரையும் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். வெளியே வந்த வீலும் மெலிந்த பக்கச்சுவரும் காரின் தோற்றத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி உறுத்தினால், 20 முதல் 25 மி.மீ. தாழ்த்துவதை யோசிக்கலாம். வீல் மாற்றாமல் நேராக ஸ்பிரிங்குக்குப் போகிறவர்கள்தான் 40, 50 மி.மீ. என்று கேட்பார்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 'புதுசு எதுக்கு சார், ரெண்டு சுத்து கட் பண்ணா போதும்' என்று சொல்லும் கடைகள் உண்டு. வெட்டிய ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் குறைந்துவிடும். சக்கரம் பள்ளத்தில் முழுசாகத் தொங்கும்போது அது தன் இருக்கையிலிருந்து விலகும் அபாயம் உண்டு. ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் போய்விடும்.

தாழ்த்திய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் குறையும்போது முன் சக்கரங்களின் 'டோ' கோணம் மாறும், மேல்பக்கம் உள்ளே சாயும் 'கேம்பர்' கூடும். டோவைக் கடையில் சரி செய்யலாம். கேம்பரைத் திருத்தப் பல கார்களில் தனி போல்ட் வேண்டும். விட்டுவிட்டால் டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும், உள்ளே கம்பி தெரியும். தேய்மானம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குக் கீழே போன கார் டயரோடு ஓட்டுவது விதிமீறலும் கூட.

சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தச் சட்டப் பிரிவு டயர், ஸ்பிரிங் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடவில்லை. அதனால் சாலையில் உங்களை நிறுத்தும் அதிகாரியின் பார்வைக்கு அதிக இடம் இருக்கிறது. உங்கள் மாடலின் வேறொரு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நிற்பது மிகப் பாதுகாப்பான இடம். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறீர்களோ அவ்வளவு ரிஸ்க். காரைத் தாழ்த்துவது அந்தக் கோட்டின் ரிஸ்க்கான பக்கம்தான் இருக்கிறது.

இன்ஷூரன்ஸில் மூன்று விஷயம். ஒன்று, புது அலாயின் மதிப்பை உதிரிச் சாதனமாகப் பாலிசியில் சேர்க்காவிட்டால், திருடு போனாலும் உடைந்தாலும் அதற்குப் பணம் வராது. இரண்டு, மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால், விபத்துக்குப் பிறகு உங்கள் காருக்கான கிளெய்மை நிறுவனம் கேள்வி கேட்கலாம். மூன்று, வழக்கமான கார் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் கிளெய்ம் கிடையாது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால் டயர் மாற்றும் செலவில் 50 சதவீதம்தான். 92 மி.மீ. பக்கச்சுவர் டயரை நம்ம ஊர் பள்ளங்களில் ஓட்டப் போகிறவர் டயருக்கான தனி ஆட்-ஆன் பற்றி விசாரித்து வைப்பது நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

மொத்த விட்டம் என் ஒரிஜினல் டயரிலிருந்து எத்தனை சதவீதம் மாறுகிறது?
வீலின் அகலம், ஈடி எவ்வளவு? உள்ளேயும் வெளியேயும் எத்தனை மில்லிமீட்டர் நகரும்?
நடுத்துளை என் ஹப்புக்குச் சரியா? ஹப் ரிங்கும் சரியான போல்ட்டும் தருவீர்களா?
டயரின் எடை எண் கம்பெனி கொடுத்ததற்குக் குறையாமல் இருக்கிறதா?
என் ஸ்டெப்னியின் விட்டம் இதோடு ஒத்துப்போகிறதா?
மாட்டிய பிறகு நாலு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்று பதில் வந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்புங்கள். முதல் கேள்விக்குக் கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தால், நீங்கள் சரியான கடையில்தான் நிற்கிறீர்கள்.